காணாமல் போன பதினாலு ஆம்ப்ஸ்

இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தபோது பேட்டரி மீட்டரில் எண்பத்தெட்டு சதவீதம் என்று இருந்தது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். சுவரில் தீப்பெட்டி அளவுக்கு இருக்கும் அந்தத் திரையில் பச்சை எழுத்தில் எண்பத்தெட்டு, அதன் கீழே ஐந்து ஆம்ப்ஸ் செலவு, எல்லாம் சௌக்கியம். அதற்கு நேர் கீழே தரையில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு விட்டு விட்டுக் கத்தியது. பேட்டரி தீர்ந்துபோனால்தான் அது அப்படிக் கத்தும். எண்பத்தெட்டு சதவீதம் வைத்திருக்கிற பேட்டரி எப்படித் தீரும்? கோளாறு இன்வெர்ட்டருக்குத்தான் என்று நினைத்து, சொன்னால் வெட்கக்கேடு, அதன் தலையில் இரண்டு தட்டுக்கூடத் தட்டினேன்.

அதற்குள் அக்காவின் மெஷின் இழுக்கத் தொடங்கிவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் அது. ஒரு பெருமூச்சு, ஒரு டொக், மறுபடி ஒரு பெருமூச்சு, ஒரு டொக் என்று இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் சாப்பிடுவது, தூங்குவது, சண்டை போடுவது எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலேதான். இப்போது பெருமூச்சு நீண்டது. டொக் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேசுவதற்கு மூச்சு செலவாகும் என்பதால் ஆபத்து என்றால் அவள் வாயே திறக்க மாட்டாள். கண்ணை மட்டும் மூலையிலிருந்த சிலிண்டர் பக்கம் திருப்பினாள்.

சிலிண்டரின் சாவி கையிலிருந்து ஒருமுறை வழுக்கி விழுந்து கட்டிலுக்கு அடியில் போனது. படுத்து, தவழ்ந்து எடுத்தேன். வால்வைத் திருகினேன், குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் சொருகினேன், சரியாகத்தான் சொருகினேனா என்று பிடுங்கிப் பார்த்து மறுபடி சொருகினேன். இதெல்லாம் முடிவதற்குள் மெஷின் ஒரு நீண்ட விசிலடித்து அணைந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டாள். நான் நீலமாகிறதா என்று அவள் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. அதன் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"பயந்துட்டியா வீரா?" என்றாள் அக்கா.

சின்ன வயதிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். கரப்பான்பூச்சிக்கு ஸ்டூல் மேல் ஏறியவனுக்கு அவள் வைத்த பெயர். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கால் பாயின்ட் தப்பினால் தலைவலி வரும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன். அக்காவுக்கு அறுபத்தொன்று. முப்பது வருடம் பஞ்சாலையில் நூல் பிரிவில் நின்றவள். பஞ்சு அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் காலையில் கடைக்குப் போகும் நேரம் கீழ்வீட்டு டெய்லரம்மா வந்து அவளுடன் இருப்பார். சும்மா இருக்கப் பிடிக்காமல் அக்கா டெய்லரம்மாவின் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பாள்.

அன்றைக்கு நடந்தது என் முட்டாள்தனத்தின் பாதிதான். மூன்று மணி நேரத்துக்கும் மேலே கரண்ட் இல்லை. வழக்கமாகப் பத்து, இருபது நிமிடத்தில் வந்துவிடும். மீட்டர் தொண்ணூறுக்குமேல் காட்டுகிறதே என்று இரண்டு ஃபேன், டிவி எல்லாம் ஓடவிட்டேன். அது போதாதென்று டெய்லரம்மா வீட்டு போன்கள் நான்கையும் வாங்கி சார்ஜ் போட்டேன். தர்மப்பிரபு. அக்காவின் மூச்சை எடுத்து அக்கம்பக்கத்துக்குத் தானம் பண்ணியிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேட்டரிக்காரர் வந்தார். மூன்று மாதத்துக்கு முன் அந்த மீட்டரைப் பொருத்தியவர் அவர்தான். பேன்ட் முழுக்க ஆசிட் பட்டு ஓட்டை ஓட்டையாக இருக்கும். எங்கே போனாலும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கருவிகளிடம் மட்டும் வாஞ்சையாகப் பேசுவார். பையிலிருந்து நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும் ஒரு மீட்டரை எடுத்து, "வா ராசா" என்று பேட்டரி வயரைக் கவ்வ வைத்தார். அதே வயரில்தான் எங்கள் மீட்டரின் கறுப்பு வளையமும் மாட்டியிருந்தது. வயரில் ஓடும் கரண்டை அந்த வளையம் அளந்து சுவரிலுள்ள திரைக்குச் சொல்லும். திரை அதைக் கூட்டிக் கழித்து, பேட்டரியில் மிச்சம் இவ்வளவு என்று காட்டும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

இரண்டு நிமிடம் மெயினை அணைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அணைத்தார். மெஷின் பேட்டரியில் ஓடியது. எங்கள் திரையில் சைபர் புள்ளி சைபர். அவர் கையிலிருந்த கொடுக்கு மீட்டரில் பதினாலு புள்ளி இரண்டு. அவர் மெயினைப் போட்டார். நேற்றுத் தீர்ந்துபோன பேட்டரி இன்னும் நிறையவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. கொடுக்கு மீட்டர் பத்து ஏறுகிறது என்றது. எங்கள் திரை இருபத்துநாலு ஏறுகிறது என்றது. வளையத்தின் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்தார். சொருகியைக் கழற்றி ஊதி மாட்டினார். வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி மெயினை அணைத்தார், போட்டார். என்ன செய்தாலும் அதே பதினாலுதான். செலவாகும்போது பதினாலு மறைந்துபோனது, வரவாகும்போது பதினாலு எங்கிருந்தோ கூடியது.

அவர் குந்தி உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு ஜீரோ வெச்சீங்களே, மெஷின ஆஃப் பண்ணிட்டுத்தானே வெச்சீங்க?"

"ஆமா. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் வெச்சேன்."

பொய். பட்டென்று வந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால்கூட அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று மாதத்துக்கு முன் மீட்டரைப் பொருத்திவிட்டு அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அக்காவை ஐந்து நிமிடம் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மெயின், மெஷின், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். வயரில் ஒரு சொட்டுக் கரண்டும் ஓடக்கூடாது. அப்புறம் இந்தப் பட்டனைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தால் இதுதான் பூஜ்யம் என்று மீட்டர் கற்றுக்கொள்ளும் என்றார். அக்கா சாப்பிட்டு முடிக்கட்டும், நானே செய்துகொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று அவரை அனுப்பிவைத்தேன். சாப்பாடெல்லாம் சாக்கு. அதற்கு முந்தைய வருடம் ஒருநாள் மெஷினின் வடிகட்டியைக் கழுவுவதற்காக அவளைச் சிலிண்டருக்கு மாற்றினேன். ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. எல்லாக் காற்றும் பக்கவாட்டில் சீறிக்கொண்டு போனது. ஒன்றரை நிமிடம் இருக்கும். அவள் உதடு நீலமாகி, கண் மேலே போய், என் சட்டைக் காலரைப் பிடித்த கை அப்படியே தளர்ந்து இறங்கியது. பிழைத்துக்கொண்டாள். மறுநாளே அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். ஆனால் அன்றிலிருந்து நான் அந்த மெஷினின் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனதே இல்லை.

அதனால் அன்றைக்கு மெயினை மட்டும்தான் அணைத்தேன். இன்வெர்ட்டரும் மெஷினும் பாட்டுக்கு ஓடின. அது மட்டும் ஓடட்டும், ஒரு மெஷின்தானே, என்ன வந்துவிடப்போகிறது என்று பட்டனை அழுத்தினேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த பதினாலு கண்ணெதிரில் பூஜ்யமானது. பூஜ்யம் வரவேண்டும் என்றார், வந்துவிட்டது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அக்காவிடம் "முடிஞ்சுது" என்றேன்.

அந்தப் பொய்யை வெட்கத்தால் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். நான் சொன்னது அதற்காக இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் சரி, இப்போதே அணைத்து மறுபடி வைத்துவிடலாம் என்பார். அங்கேயே, அப்போதே, அந்தச் சுவிட்சை அணைக்க வேண்டியிருக்கும். மெஷினை இன்வெர்ட்டரிலிருந்து வேறு பிளக்குக்கு மாற்றுவதென்றாலும் ஒருமுறை அணைத்தாக வேண்டும். அணைத்துவிட்டுப் போட்டால் நல்ல காற்று வர மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். என் நாக்கு எனக்கு முன்னால் இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டது.

பேட்டரிக்காரர் நம்பினார். அப்படியென்றால் வளையம்தான் கெட்டுப்போயிருக்கிறது, புதுசு வர ஐந்து நாளாகும் என்றார். அவர் கருவிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது என் போனும் அவர் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. மின்சார அலுவலகத்துச் செய்தி. நேற்று அறுந்த கம்பியை மாற்றும் வேலை. நாளை காலை ஒன்பது மணியிலிருந்து மாலை மூன்று மணிவரை எங்கள் தெருவுக்குக் கரண்ட் கிடையாது. இருவரும் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். ராத்திரி முழுக்க ஏறினால் பேட்டரி மெஷினை மட்டும் நாலரை மணி நேரம் தாங்கலாம். நேற்று அடிவரை காலியானதில் அடி வாங்கியிருந்தால் அதற்கும் குறையும். சிலிண்டரில் ஒன்றரை மணி நேரம் மிச்சம்; நிரப்பித் தருகிறவர் நாளை மறுநாள்தான் வருவார். கூட்டினால் ஆறு. ஒன்பதிலிருந்து மூன்றும் ஆறு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்டார். மூன்று மாடிப் படி, லிஃப்ட் இல்லை. போன தடவை நாற்காலியோடு தூக்கிப் போனதில் போகவர ஆன மூச்சுத்திணறலுக்கே இரண்டு வாரம் படுத்தாள்; அங்கிருந்து நெஞ்சில் சளியும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தாள். இனிமேல் என்னை அங்கே கொண்டுபோனால் பேசவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். பேச மாட்டேன் என்பதை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

"நாளைக்கு இந்த மீட்டரப் பாக்காதீங்க சார். இது இல்லேன்னே நெனச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பேட்டரிக்காரர் கிளம்பினார். மத்தியானத்துக்குள் எங்காவது ஒரு பேட்டரி கிடைத்தால் கொண்டுவரப் பார்க்கிறேன் என்று படியில் நின்று சொன்னார்.

அன்று நான் கடைக்குப் போகவில்லை. இன்வெர்ட்டர் முன்னால் போய் நிற்பது, சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பது, சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டுவது, கழற்றிப் பார்ப்பது, மறுபடி மாட்டுவது என்று குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். மீட்டரைப் பார்க்காதே என்றால் கண் அங்கேதான் போகிறது. அது பாட்டுக்கு இருபது ஏறுகிறது, பத்தொன்பது ஏறுகிறது என்று கூசாமல் புளுகிக்கொண்டிருந்தது. பேட்டரியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று நாளைக்கு எனக்குத் தெரியப்போவதில்லை. இன்வெர்ட்டர் கத்தினால்தான் தெரியும். கத்தினால் இருப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் இந்தக் கைகள்தான் சாவியைத் திருக வேண்டும். கையை நீட்டிப் பார்த்தேன். நேற்றுச் சாவியை நழுவவிட்ட அதே கை. பூஜ்யத்தைச் சரியாக வைத்துவிட்டால் எண் இறங்குவது தெரியும். இருபது சதவீதத்துக்கு வந்ததும் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு நான் ஒரு போன் செய்து ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு சுவிட்சை அணைக்க வேண்டும். மத்தியானம் முழுக்க அந்த இரண்டும் செய்யாமல் இருப்பதற்கு எத்தனை வேலை உண்டோ அத்தனையும் செய்தேன். பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததை மறுபடி தேய்த்தேன்.

நான்கு மணி இருக்கும். அக்கா கூப்பிட்டாள். மடியில் ஒரு நீலச் சட்டை. காலையில் தைக்க ஆரம்பித்த இரண்டாவது பட்டன் இன்னும் பாதியிலேயே தொங்கியது. பேட்டரிக்காரர் கேள்வி கேட்டபோது அவள் ஊசி நின்றதை ஓரக்கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்ததை மறக்க முயன்றுகொண்டிருந்தேன்.

"உக்காருடா" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நீ மெஷின ஆஃப் பண்ணல."

பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. எப்படித் தெரியும் என்று கேட்க வந்து, நிறுத்திக்கொண்டேன். மூக்கில் குழாயோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது ஓடியதா நின்றதா என்று தெரியாதா? ஒரு டொக்கும் தவறவில்லை. இத்தனை பெரிய விஷயம் எனக்கு இத்தனை நாளாக உறைக்கவில்லை. காலையில் நான் பொய் சொன்னபோது அவள் மூன்றடி தூரத்தில் இருந்தாள், அவளும் வாயைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?" என்றேன். குரல் கோபமாக வந்தது. பயந்தவனுக்கு இன்னொருவர் மேல் கோபப்படக் கிடைத்தால் விடமாட்டான்.

அவள் இரண்டு மூச்சுக்கு ஒரு சொல் என்கிற மாதிரி பேசினாள்.

"எனக்கும் பயம்டா."

என் நினைவில் அக்கா அந்தச் சொல்லைத் தனக்காகச் சொல்லிக் கேட்டதே இல்லை. அப்பா இறந்தபோதும், பஞ்சாலையில் அவள் இரண்டு விரல் நுனியை மெஷின் தின்றபோதும், டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றபோதும் அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். நான் தொடைநடுங்கி, அவள் இரும்பு. வீட்டில் வேலைப் பங்கீடே அப்படித்தான்.

"அந்தச் சத்தம் நின்னா நானும் நின்னுடுவேன்னு இருக்கு" என்றாள். "நீ ஆஃப் பண்ணாம விட்டப்ப, அப்பாடான்னு இருந்துச்சு."

அதற்குமேல் அவளை நான் பேச விடவில்லை. அவளாகக் கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைச் சொன்னாள். மூன்று மாதமாக அந்தத் திரை எந்த நேரமும் பதினாலு ஏறுகிறது என்று காட்டுவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நிறைந்த பேட்டரியில் இன்னும் என்ன ஏறும் என்று சந்தேகமும் வந்திருக்கிறது. பஞ்சாலையில் மீட்டர் பார்த்தவளுக்கு வராமல் இருக்குமா? ஆனால் தனக்குள் ஏதோ ஏறிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள நன்றாக இருந்தது, அதனால் சொல்லவில்லை என்றாள். நான் அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அவள் என் தலையில் விரலால் ஒரு சுண்டு சுண்டினாள்.

"போன் போடு. அந்த ஆளு வேற, கெட்டுப்போகாத வளையத்துக்கு மாத்து தேடி அஞ்சு நாள் அலையப் போறாரு."

பேட்டரிக்காரருக்குப் போன் போட்டேன். எங்கோ ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் இருந்தார், கத்திப் பேச வேண்டியிருந்தது. என் பொய்யை அவ்வளவு உரக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததில் காது சிவந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். தராசில் பாத்திரத்தை வைத்துக்கொண்டே பூஜ்யம் வைத்திருக்கிறீர்கள், அப்புறம் அந்தப் பாத்திரத்தின் எடை தராசுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது என்றார். தன் அனுபவத்தில் இதைப் பலர் செய்திருக்கிறார்கள், ஃபிரிட்ஜை அணைக்காமல் விட்டுவிடுவார்கள், ஃபேனை விட்டுவிடுவார்கள், ஆனால் மூச்சு விடுகிற மெஷினை விட்டவர் நீங்கள்தான் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் டெய்லரம்மாவின் அளவுச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். மொத்தமே மூன்று நிமிடத்து வேலை, இப்போதே செய்யுங்கள், அப்போதுதான் ராத்திரி ஏறுவதை மீட்டர் சரியாக எண்ணும் என்றார்.

சீட்டைச் சுவரில் ஒட்டினேன். சாவியைக் கழுத்திலிருந்து எடுத்தேன். அக்கா தானே நாற்காலியைச் சிலிண்டர் பக்கம் நகர்த்திக்கொண்டாள். இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்ததில் அவள் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. நுனியில்லாத இரண்டு விரலும் மற்றவற்றோடு சேர்ந்து நடுங்கின. இதை நான் இத்தனை வருடம் பார்க்காமல் இருந்தேனா, அல்லது அவள் காட்டாமல் இருந்தாளா, தெரியவில்லை.

வால்வைத் திருகினேன். முள் எழுந்து நின்றது. ரெகுலேட்டரைச் சுற்றி விரலை ஈரமாக்கித் தடவிப் பார்த்தேன், எங்கும் சீறவில்லை. குழாயை மாற்றினேன். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் குனிந்து மூக்கில் காற்று வருகிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். நான் மறுபடி கேட்டேன். மறுபடி ஆட்டினாள். மூன்றாவது தடவை கேட்பதற்குள் முறைத்தாள்.

மெயினை அணைத்தேன். மெஷின் பேட்டரிக்குத் தாவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சுவிட்சில் விரலை வைத்தேன். கறுப்பு, வழவழப்பு, ஓரத்தில் தூசி. ஒரு வருடத்துக்கும் மேலான தூசி. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மூன்றில் அழுத்தவில்லை. மறுபடி எண்ணி மறுபடி அழுத்தவில்லை. பின்னாலிருந்து அக்கா நாற்காலியின் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.

பெருமூச்சு பாதியில் அறுந்தது. டொக் வரவில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உடனே போட்டுவிடுவேன் என்று தெரியும். இன்வெர்ட்டரை அணைத்தேன். சுவரில் மீட்டர் மட்டும் எரிந்தது. வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை, வயரில் ஒரு சொட்டுக் கரண்ட் இல்லை, அது பதினாலு ஏறுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்து வாய்விட்டு எண்ணினேன். பத்தில் திரை ஒருமுறை கண் சிமிட்டிப் பூஜ்யம் காட்டியது. இந்தத் தடவை அது நிஜப் பூஜ்யம்.

ஒரே எட்டில் இன்வெர்ட்டருக்கு வந்து சுவிட்சில் கை வைத்தேன். சிலிண்டரில் போகிற ஒவ்வொரு நிமிடமும் நாளைய ஆறு மணி நேரத்திலிருந்து போகிறது. ஏற்கெனவே நான்கு நிமிடம் போயிருக்கும்.

"போடாத."

அக்காதான். இப்போது திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாக இல்லை. கண் மேலே போகவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியை விட்டிருந்தாள்.

"கொஞ்சம் இருடா."

சிலிண்டர் காற்று போகிறது, முள் இறங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஒரு விரலைத் தூக்கினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். கீழே டெய்லரம்மாவின் தையல் மெஷின் தடதடவென்று ஓடி நின்றது. தெருவில் யாரோ ஒரு சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்கள். அப்புறம் அதுவும் இல்லை. நேற்று மெஷின் நின்றிருந்த நாற்பது நிமிடமும் பயத்தில் எதுவும் என் காதில் விழவில்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அக்கா மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த தாளை யாரோ மெல்ல மடித்து மெல்லப் பிரிப்பது போலிருந்தது. மடித்தது. பிரித்தது. அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், அழுத்தாமல், முள்ளையும் அவளையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.